கரடிக்கு ரைபிளா, வில்லா?

துப்பாக்கி விற்பதும் புடவை விற்பதும் ஒரே தொழில்தான். கடையில் இருப்பதையெல்லாம் இறக்கிப் போடச் சொல்லிவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார்கள்.

தஞ்சாவூரில் ஹமீது மரைக்காயரின் துப்பாக்கிக் கடையில் நான் விற்பனையாளனாக நின்ற காலத்தைச் சொல்கிறேன். கோட்டையில் புது ஆட்சி உட்கார்ந்திருந்தது. கிழக்கே வயல்களில் கூலித் தகராறும் நிலத் தகராறும் மூண்டிருந்தன. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிருந்தது. தூக்கம் போனவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். வந்த காரணத்தை மட்டும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நரி என்பார்கள், கிளி என்பார்கள், வௌவால் என்பார்கள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர் நீங்கள் என்றால், அது மருந்துக் கடையோ பாத்திரக் கடையோ, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

எலிக்கு ஒன்று

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். வயலில் எலி தாங்கவில்லை, எலியைச் சுட நல்ல துப்பாக்கியாகக் காட்டு என்றார். எடுத்துக் காட்டினேன். தூக்கிப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார், குழலுக்குள் ஊதிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து எனக்கே மனசு கேட்காமல், "ஐயா, எலி வரப்புப் பொந்துக்குள்ள இருக்கும். சுட்டா எலி சாகுதோ இல்லையோ, வரப்பு உடைஞ்சுடும்" என்றேன்.

துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தார். என் முதலாளி கல்லாவிலிருந்து என்னை முறைத்தது முதுகில் சுட்டது.

"பக்கத்து வயக்காரன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. ஆனா அவனுக்கு எதுக்கு நம்ம தண்ணி?"

சம்பந்தி வீட்டுக் கரடி

கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் சிங்காரவேலு அப்படிச் சுற்றி வளைக்கிறவர் இல்லை. காலை நாகூர் பாசஞ்சரில் வந்து இறங்கி, நேரே கடைக்கு வந்து உட்கார்ந்து, வரவழைத்த காபியைக் குடித்து முடித்தார். அப்புறம் ஒரே கேள்வி. "கரடிக்கு எது தோது? ரைபிளா, வேற ஏதாவதா?"

எங்கள் ஜில்லாவில் கரடி என்றால் திருவிழாவில் வேஷம் கட்டி ஆடுவதுதான். நான் சிரிப்பை அடக்க ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த துப்பாக்கியை மறுபடி துடைத்தேன். விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகளை ஆவணியில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார். கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் தாம் எப்பேர்ப்பட்ட வேட்டைக்காரர் என்று அளந்துவிட்டார். உண்மையில் அவர் சுட்டதெல்லாம் சேற்று வயலில் இறங்கும் உள்ளான் குருவிகள். அதிலும் பாதி, சத்தத்தில் செத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சம்பந்தி அத்தனையையும் நம்பிவிட்டார். இப்போது அவருடைய தோட்டத்தில் ஒரு கரடி வந்து தங்கிவிட்டது. காப்பிப் பழம் பழுத்து உதிர்கிறது. பறிக்க ஒரு பெண்ணும் சரிவில் இறங்க மாட்டேன் என்கிறாள். சம்பந்தியிடம் ரைபிள் இருக்கிறது, ஆனால் கண்ணில் புரை. வனத்துறையில் பர்மிட் வாங்கிச் சுடுகிற காலம் அது. பர்மிட்டும் வாங்கி வைத்துவிட்டு, "எங்க சம்பந்தி வந்தா ஒரே வெடி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"நான் போகலேன்னா எம்பொண்ணு அந்த வீட்ல எப்படி நிமிந்து நடக்கும்?" என்று கேட்டார் மிராசுதார். எனக்கும் பாவமாக இருந்தது. அடுத்த நொடியே குனிந்து, முதலாளி காதில் விழாதபடி கேட்டார்.

"அது கெடக்கட்டும் தம்பி, கரடி எம்மாம் பெருசு இருக்கும்? கன்னுக்குட்டி அளவா, எருமை அளவா?"

சைகோன் வில்

முதலாளியின் மச்சான் சைகோனில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். அங்கே சண்டை முற்றியதும் கப்பலேறி ஊர் திரும்பியபோது, அந்த நாட்டு மலைக்காரர்கள் வேட்டைக்கு வைத்திருக்கும் ஒரு வில்லைக் கொண்டுவந்து முதலாளிக்குக் கொடுத்தார். நம் ஊர் வில் மாதிரி இல்லை. ஒரு மரக்கட்டையின் மேல் வில்லைக் குறுக்கே படுக்க வைத்திருக்கும். நாணை இழுத்து ஒரு பள்ளத்தில் மாட்டி, கட்டையில் வெட்டிய வாய்க்காலில் அம்பை வைத்து, துப்பாக்கி மாதிரியே குதிரை விசையை அழுத்த வேண்டும். சுவரில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்த அதை முதலாளி அன்று இறக்கினார். வியாபாரிக்கு எப்போது எது ஞாபகம் வரும் என்று சொல்ல முடியாது.

நான் ரைபிள் கட்சி. ரைபிள் தோளில் உதைக்கும், காது அடைக்கும், ஆனால் கரடி விழும். வில்லுக்குச் சத்தமில்லை, தோட்டா வேண்டாம், உதையும் இல்லை. ஆனால் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் நாணை இழுக்க வேண்டும். முதல் அம்பு தப்பினால், இரண்டாவதை மாட்டும் வரை கரடி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மிராசுதாருக்கோ 'உதை' என்ற சொல்லைக் கேட்டதுமே வலது தோள் தானாகத் தாழ்ந்துவிட்டது.

கடைக் கொல்லையில் ஒரு வாழை இருந்தது. பத்தடி தள்ளி நின்று அழுத்தினார். அம்பு வாழையின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. மிராசுதார் முகத்தில் தீபாவளி. கரடியே விழுந்துவிட்ட மாதிரி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். முதலாளி அம்பைப் பிடுங்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எல்லாஞ் சரிதான் ஐயா. வாழை மரம் நம்மளப் பாத்து ஓடியாராது, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

சட்டத்தில் இல்லாத சாமான்

நான் ரைபிளுக்காக இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பேன். அதற்குள் கலெக்டர் உத்தரவு வந்துவிட்டது. சம்பா அறுவடை நெருங்குகிறது, கூலித் தகராறு வலுக்கிறது, ஆகவே கிழக்குத் தாலுகாக்களில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடைகளிலோ ஒப்படைக்க வேண்டும். கடை முழுக்கத் துப்பாக்கி சாத்தி, எனக்கு நிற்க இடமில்லை. மிராசுதாரும் தம் ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சைகோன் வில்லை இரவலாகக் கேட்டார்.

கணக்குப் பார்க்க வந்திருந்த ஹெட் கான்ஸ்டபிளிடம் முதலாளி வில்லைக் காட்டி, இதையும் ஒப்படைக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாணைச் சுண்டினார். உத்தரவை எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இதுக்கு இதுல பேரே இல்லீங்களே பாய். பேர் இல்லாதத நான் என்னன்னு சொல்லிப் புடிக்கிறது?"

கரடி என்று சொன்னால் யார் நம்புவது?

மிராசுதார் வில்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். எப்படிச் சுற்றியும் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்வேளூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போவதற்குள், 'மிராசு வெளிநாட்டு ஆயுதம் இறக்கிட்டாரு, சத்தமே வராதாம்' என்று செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை அவருடைய சம்பா வயலில் ஒரு ஆள்கூட அறுப்புக்கு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் மாரிமுத்து எங்கள் கடைக்கு வந்தார். அந்த ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஒல்லி உடம்பு, தோளில் சிவப்புத் துண்டு. குரலை உயர்த்தவே இல்லை. "மிராசுக்கு நீங்க குடுத்தது எதுக்குங்க?" என்றார்.

"கரடிக்கு" என்றேன்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். இந்த ஒரு உண்மை மட்டும் வாயை விட்டு வெளியே வரும்போதே பொய்யாக இருந்தது. ஏற்காடு, சம்பந்தி, புரை, காப்பிப் பழம் என்று நான் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. மாரிமுத்து முழுக்கக் கேட்டார். "கதிர் கொட்டிப் போனா அவருக்கு நஷ்டம், எங்களுக்குப் பட்டினி. அது தெரிஞ்சுதாங்க இறங்கல" என்றார். அங்கே மலையில் கரடிக்குப் பயந்து பழம் உதிர்கிறது. இங்கே வில்லுக்குப் பயந்து நெல் உதிரப் போகிறது. நடுவில் வில்லை எடுத்துக் கொடுத்தவன் நான்.

"பொண்டு புள்ளைங்களோட குனிஞ்சு அறுக்குறோம். வரப்பு மேல அவரு அதத் தூக்கிட்டு நின்னா, நாங்க கதிரப் பாக்குறதா, அவரப் பாக்குறதா?"

முத்தரப்புப் பேச்சு

தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். வில் எப்படி வேலை செய்யும் என்று விளக்க என்னையும் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் மிராசுதார், எதிர்ப் பக்கம் மாரிமுத்துவும் சங்கத்து ஆட்கள் சிலரும், நடுவில் தாசில்தார், மேஜை மேல் வில். கூலி நெல்லைப் பற்றிப் பேச வந்தவர்கள் காலை முழுக்கக் கரடியைப் பற்றியே பேசினார்கள். "கரடிங்கிறதே கரடி விடுறதுதான்" என்று ஒருவர் சொல்ல, மிராசுதார் எழுந்துவிட்டார். "எம்பொண்ணு மேல சத்தியம்" என்று மேஜையைத் தட்டினார். அந்தத் தட்டலில்தான் மாரிமுத்து கொஞ்சம் யோசித்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மிராசுதார் உடனே ஏற்காடு போக வேண்டும். கரடி நிஜமா என்று பார்க்கச் சங்கத்தின் சார்பில் மாரிமுத்துவும் கூடப் போவார். கரடி இல்லையென்றால் சங்கம் கேட்ட கூலியை மிராசுதார் மறு பேச்சில்லாமல் தர வேண்டும். கரடி இருந்தால், திரும்பிய மறுநாளே ஆட்கள் அறுப்புக்கு இறங்குவார்கள்; கூலியை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வில் என்னோடு வந்து என்னோடே திரும்பிவிட வேண்டும். இன்னொன்று: அறுவடை முடியும் வரை, எந்த ஊரிலும், யாருடைய துப்பாக்கியையும் மிராசுதார் தொடக் கூடாது. தொட்டால் பேச்சு முறிந்தது, அறுப்பு கிடையாது. "சம்மதம்" என்றார் மிராசுதார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எத்தனையோ முத்தரப்புப் பேச்சு பாத்துட்டேன். நாலாவது தரப்பா ஒரு கரடி வந்து உக்காந்தது இதுதான் மொதத் தடவை."

பரண் மேல் மூவர்

ஏற்காட்டுப் பஸ்ஸில் மிராசுதார் முன் சீட்டு, மாரிமுத்து பின் சீட்டு, வில்லோடு நான் நடுவில். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலை சுற்றியது. டெல்டாக்காரர்களுக்கு வரப்பைவிட உயரமான எதிலும் பழக்கமில்லை. தோட்டத்தில் சம்பந்தி மாலையோடு நின்றார். மகள் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பழம் பறிக்கும் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, "இவங்கதான் எங்கப்பா" என்று காட்டியது. மிராசுதார் சிரித்தார்.

விடிந்ததும் சரிவில் ஒரு மரத்தில் கட்டியிருந்த பரணில் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். நேர் கீழே ஒரு கரையான் புற்று. கரடி தினமும் அதைத் தோண்ட வருகிறதாம். சம்பந்தி தம் ரைபிளைக் கொடுத்தார். மிராசுதார் மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து தலையை ஆட்டினார், கூடாது என்று. "எதுக்கும் இருக்கட்டும்" என்று சம்பந்தி ரைபிளைப் பரணுக்குப் பக்கத்துக் கிளையில் மாட்டிவிட்டு, மேலே காப்பி உலர்த்தும் களத்துக்குப் போய்விட்டார். அங்கே பெண்களும் காத்திருந்தார்கள்.

கரடி வந்தது. கன்றுக்குட்டியும் இல்லை, எருமையும் இல்லை. கறுப்புக் கம்பளியைப் போர்த்திய ஒரு பெரிய மனிதர் நாலு காலில் நடந்து வருகிற மாதிரி வந்தது. மாரிமுத்து, "நெசந்தாங்க" என்று வாயசைத்தார். மிராசுதார் நாணை இழுத்து மாட்டி, அம்பை வைத்து, நேர் கீழே குறி பார்த்தார். வாழை மரத்தை எதிரே நின்று அடித்தோமே தவிர, மேலிருந்து கீழே யாரும் அடித்துப் பார்க்கவில்லை. கட்டையைக் கவிழ்த்ததும், வாய்க்காலில் சும்மா படுத்திருந்த அம்பு வழுக்கி, கரடியின் மூக்கடியில் போய் விழுந்தது. கரடி அதை முகர்ந்து பார்த்தது. அப்புறம் அண்ணாந்து எங்களைப் பார்த்தது. எழுந்து முன்னங்கால் இரண்டையும் மரத்தின் மேல் வைத்தது. கரடி மரம் ஏறும் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐயா, துப்பாக்கிய எடுங்க!" என்று கத்தினார் மாரிமுத்து.

"மாட்டேன்! தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்!"

"நாந்தாங்க சொல்றேன், சங்கத்து சார்பா சொல்றேன், எடுங்க!"

"இப்ப எடுங்கம்பே, நாளைக்கு மிராசு பேச்சு மாறிட்டாருன்னு வயல்ல ஆள நிறுத்துவே. அங்க பயிரு நிக்குது மாரிமுத்து!"

"உசுரோட போனாத்தானேங்க நிறுத்துறது!"

ரைபிளை நான் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் விற்கிறவன், வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். பரணில் சண்டை வளர்ந்துகொண்டே போனது. "பேச்சுன்னா பேச்சுங்கிறீங்களே, போன வருஷம் கூலிப் பேச்சு என்னாச்சு?" என்றார் இவர். "கூலிய இங்க இழுக்காத, போன வருஷம் மழை" என்றார் அவர். இரண்டும் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள். மலை முழுக்க எதிரொலித்தது. கண்ணைத் திறந்தபோது கரடி காலைக் கீழே இறக்கியிருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒரு உறுமல் உறுமிவிட்டு, புதரை முறித்துக்கொண்டு சரிவில் ஓடியது. எதிர் மலை ஏறும் வரை நிற்கவில்லை. அது தெரியாமல் இவர்கள் பண்டிகை முன்பணம் வரை வந்துவிட்டிருந்தார்கள். களத்திலிருந்து அத்தனையும் பார்த்துவிட்ட சம்பந்தி, மூச்சு வாங்க ஓடிவந்து மரத்தடியில் நின்றார். மகள் கைதட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சுட்டா ஒரு கரடிதான் போகும் சம்பந்தி. நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் இப்படி வந்து பேசுனீங்கன்னா, இந்த மலையில ஒண்ணு தங்காது!"

அறுவடை முடிந்த பிறகு

சொன்னபடி மறுநாளே ஆட்கள் இறங்கினார்கள். சம்பா வீடு வந்து சேர்ந்தது. கூலியில் சங்கம் கேட்டதும் இல்லாமல் மிராசுதார் சொன்னதும் இல்லாமல் நடுவில் ஒரு இடத்தில், நிறையச் சத்தத்துக்குப் பிறகு நின்றார்கள் என்று கேள்வி. ஒப்படைத்த ஒற்றைக்குழலைத் திருப்பிக்கொள்ள மிராசுதார் கடைக்கு வந்த அன்று, தஞ்சாவூரில் சங்க மாநாட்டுக்கு வந்திருந்த மாரிமுத்துவும் எட்டிப் பார்த்தார். மிராசுதார் அவரைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்காவது தொடலாமா?" என்றார். "அறுப்பு முடிஞ்சிருச்சுங்களே, தாராளமா" என்றார் மாரிமுத்து. மிராசுதார் போன பிறகு, ஊரில் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று நான் மாரிமுத்துவைக் கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மறைக்காம சொன்னேங்க. பேச்ச முறிக்கச் சொல்லிக் கத்துனது நானு, முறிக்க மாட்டேன்னு நின்னது அவருன்னு. நம்ம ஆளுங்களே எந்திரிச்சு, அப்ப நீ எந்தப் பக்கம்னு புடிச்சுக்கிட்டாங்க" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"வயல்ல ரெண்டு பக்கம் உண்டு, அதுல நான் நம்ம பக்கந்தான். கீழ கரடி நிக்கிறப்ப மரத்துல ஏதுப்பா ரெண்டு பக்கம்னு கேட்டேன்."

ரைபிளா வில்லா என்று வந்து கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகும் இரண்டையும் இறக்கிக் காட்டத்தான் செய்தேன். கரடியை விரட்டியது எங்கள் கடையில் கிடைக்காத சரக்கு என்பதை மட்டும் முதலாளி முன்னால் சொன்னதில்லை.